நிறுத்து, ஆள் இருக்கு

இடைவேளை முடிந்து விளக்கு அணைந்ததும் குமரகுரு கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான், அந்த லாரி வந்துவிடும். லாரிக்குப் பின்னால் சேற்றில் விழுந்து கிடந்து படத்து ஹீரோ மாரெக் கத்துவான். மாரெக் கத்துவது என்றால் தமிழில் குமரகுரு கத்துவது, குமரகுரு கத்துவது என்றால், வேண்டாம், அதை இப்போது எடுக்காதே, பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், பிள்ளை செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே அன்றைக்கு வேலை கிடைத்ததா இல்லையா என்று சொல்லிவிடுகிற பொம்பளை. தனபாக்கியம் என்ற அந்தப் பொம்பளை மடியில் பாப்கார்ன் பொட்டலத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொரியாக எடுத்து, திருப்பிப் பார்த்து, வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் தியேட்டர் பக்கம் வந்தே ஒரு மாமாங்கம் ஆகிறது. அப்பா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. தலைத்திவசம் ஆகுமுன்னே சினிமாவா என்று கீழ்வீட்டு அம்மாள் மூக்கின்மேல் விரலை வைத்ததற்கு, "எம்புள்ள மொத மொதல்ல ஹீரோவுக்குப் பேசியிருக்கான். அவரு இருந்திருந்தா கதவு தொறக்குறதுக்கு முன்னால போயி நின்னிருப்பாரு. நான் போறதுல என்ன குத்தம்?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிட்டாள். டிக்கெட் எடுத்தது அவன் பெண்டாட்டி செண்பகம். அவள் வேலை பார்க்கும் துணிக்கடையில் லீவு கிடைக்கவில்லை, அதனால் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் மட்டும் போனிலேயே போட்டுவிட்டு, "அத்தையப் பதனமா கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தால் கெட்ட குடும்பம் ஊரில் எத்தனையோ. அவனும் சொல்லிப் பார்த்தான், "படம் பூரா ரத்தம்மா, உனக்கு ஒத்துக்காது" என்று. "புள்ள பெத்தவளுக்கு ரத்தத்தக் காட்டிப் பயமுறுத்துறியா?" என்றாள். இடைவேளையில், தலை வலிக்கிறது, கிளம்பிவிடலாமா என்றும் கேட்டுவிட்டான். "தைலம் இருக்கு" என்று சுருக்குப்பையை அவிழ்த்து, தானே அவன் நெற்றியில் தேய்த்தும் விட்டாள். இப்போது நெற்றி எரிய, கண்ணில் நீர் கட்ட, உட்கார்ந்திருந்தான்.

படம் என்னமோ நல்ல படம்தான். ஏதோ ஒரு குளிர்தேசத்துக்காரர்கள் எடுத்தது. சண்டையே வேண்டாம் என்று சொல்கிற படம், அதையும் தோற்று ஓடுகிறவர்களை வைத்தே சொல்கிற படம். இதற்கு நம்ம ஊர் போஸ்டரில் பீரங்கியையும் நெருப்பையும் போட்டு "எதிரிகளைப் பொடிப்பொடியாக்கும் சிங்கப்படை" என்று அடித்துவிட்டார்கள், அதை நம்பி வந்த நாலு காலேஜ் பையன்கள் முன்வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். பொடியாக்குவதற்கு எதிரியே படத்தில் கிடையாது. மூடுபனிக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருந்து குண்டு வரும், மண் எழும்பும், சற்றுமுன் சிகரெட் கேட்டவன் இப்போது இருக்க மாட்டான். "எதிரி எங்கடா? காட்டவே மாட்டேங்குறான்?" என்று அம்மா முதல் பாதியிலேயே கேட்டாள். "காட்ட மாட்டாங்கம்மா." "அப்ப இதுங்க யாரோட சண்ட போடுதுங்க?" முழுப் படத்துக்கும் பேசி முடித்தவனுக்கு ஒருநாளும் தோன்றாத கேள்வி. ஆற்றங்கரையோரம் நீளமாக வெட்டிய பதுங்குகுழி, அதை விடாமல் பிடித்துக்கொண்டிரு என்று உத்தரவு, உத்தரவு போட்ட அதிகாரி வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு காரில் ஏறிப் போயாகிவிட்டது. போன் மட்டும் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுத்தால் "பிடித்துக்கொண்டிருங்கள்" என்கிறது. ஒவ்வொருத்தனாகப் பின்பக்கம் நழுவுகிறான். சமையல்காரன் ஒருத்தன், மிஞ்சியிருப்பது கைவிரலுக்குள் அடங்கும் என்று தெரிந்தும், பழக்கதோஷத்தில் முழுப்படைக்கும் சூப் காய்ச்சி, அண்டா பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறான். "ஐயோ பாவம், சோறு மிஞ்சினா மனசு கேக்குமா" என்று அம்மா உச்சுக்கொட்டினாள். அவளும் அப்படித்தான், அப்பா போன பிறகு கொஞ்ச நாள் அளவு மறந்து உலை வைத்துக்கொண்டிருந்தாள். மிஞ்சினதைத் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் அவனே தின்றான், ஒன்றும் பேசாமல் தின்றான்.

ஒன்றும் பேசாமல் இருப்பதில் நம்ம குமரகுரு ஐயா கெட்டிக்காரர், வாய் வித்துப் பிழைக்கிறவர்தான் என்றாலும். இருபது வருஷமாக டப்பிங்கில் கூட்டத்தோடு கோவிந்தா போட்ட தொண்டை அது. மைக்கைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்பார்கள், திரையில் கல்யாணம் என்றால் "வாங்க வாங்க, சாப்ட்டுதான் போகணும்", கலவரம் என்றால் "விடாத, புடி", அடியாள் மாடியிலிருந்து விழுந்தால் "ஆஆ". இந்தக் கடைசி "ஆஆ"வில்தான் குமரகுரு பேர் எடுத்தான். குண்டடி பட்டுச் சாவது, கத்திக்குத்து, விஷம், தண்ணீரில் முங்குவது, எல்லாவற்றுக்கும் தனித்தனி சாவு வைத்திருந்தான். "குருவக் கூப்புடு, வந்து செத்துட்டுப் போவான்" என்பார் டப்பிங் இன்சார்ஜ் ஆரோக்கியம் சார். அப்பாவுக்கு அதிலே பெருமை தாங்காது. அவர் சபாபதி, டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கூட்டத்தின் கடைசி வரைக்கும் கேட்கிற குரல், பிள்ளைக்கு வந்ததும் அந்தச் சொத்துதான். டிவியில் சண்டைப் படம் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, "மூணாவதா செத்தானே, அது நீதான?" என்பார். தப்பினதே இல்லை. டீக்கடையில் போய், "நேத்து படத்துல கெணத்துல வுழுந்தானே ஒருத்தன், அது நம்ம பையன்" என்று சொல்லி, கேட்டவர்கள் சிரித்தாலும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அம்மா அப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டாள், ஆனால் அவளுக்கும் காது உண்டு. அந்தக் காதுதான் இப்போது இடதுபக்கம், தோடு இல்லாமல், அவன் தோளுக்குக் கிட்டத்தில் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

திரையில் பனி பெய்தது. மாரெக் தன் பூட்ஸைக் கழற்றிச் செத்துப்போனவன் ஒருத்தனின் பூட்ஸை மாட்டிக்கொள்கிறான், கயிற்றைக் கட்டும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் கட்டுகிறான். அதற்குப் பேச்சே கிடையாது, வெறும் மூச்சு, அந்த மூச்சும் குமரகுருவுடையதுதான். மூச்சு. அப்பா கிடந்த அந்த வார்டிலும் எங்கே திரும்பினாலும் மூச்சுதான், இழுக்கிற மூச்சு, கொதிக்கிற மூச்சு, குழாயில் குமிழ் விடுகிற மூச்சு, பெரியாஸ்பத்திரியில் நுரையீரல் கெட்டவர்களை எல்லாம் ஒரே கூடத்தில் போட்டிருந்தார்கள். விடிந்து வெயில் ஏறிவிட்டிருந்தது. அம்மா பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தாள். அப்பா திடீரென்று முகத்து ஆக்சிஜன் மூடியைக் கையால் ஒதுக்கிவிட்டு, "நிறுத்து" என்றார். அப்புறம், "நிறுத்து, ஆள் இருக்கு." அது அவர் தூக்கத்தில் கத்துகிறதுதான், குமரகுரு சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். என்றைக்கோ படியில் ஒரு ஆள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே இவர் விசில் கொடுத்து, வண்டி எடுத்து, அந்த மனுஷனின் கால் போய்விட்டது. பகலில் அதைப் பற்றி மூச்சு விட மாட்டார், ராத்திரியில் மட்டும் எழுந்து உட்கார்ந்து நிறுத்தச் சொல்லுவார். ஆனால் அன்றைக்குச் சொன்னது அந்த மாதிரி இல்லை. "நிறுத்து" வயிற்றிலிருந்து கிளம்பிப் பாதி வழியில் அறுந்தது, "ஆள்" என்பதில் குரல் மேலே போகாமல் உள்ளே போனது, "இருக்கு"வில் சத்தமே இல்லை, உதடு மட்டும். குமரகுருவுக்கு உடம்பு சிலிர்த்தது. அட, இப்படியா? இருபது வருஷமாகத் தப்பாகச் செத்திருக்கிறோமே, குரலை உயர்த்தி உயர்த்தி, சாகிறவனுக்கு எங்கே உயர்த்த முடியும், அவனிடம் உள்ளே இழுக்கத்தானே மூச்சு இருக்கிறது. இதுதான் அவன் நினைத்தது. பெற்ற தகப்பன் கட்டிலில் மூச்சுக்குத் தவிக்கும்போது பிள்ளை நினைத்தது இது. அப்பா இன்னொரு தடவை சொன்னார். அவன் கூடவே, சத்தம் வராமல், உதட்டை அசைத்துப் பார்த்தான்.

மனசு அங்கேதான் போய் மாட்டிக்கொள்ளும், எப்போது நினைத்தாலும் அங்கேதான். அப்பா கண் திறந்திருந்தது. அது அவன் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தது. பார்த்ததா, இல்லை, போகிற கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றதா? பார்த்திருக்காது. பார்த்திருந்தால் என்ன, பிள்ளை அழுகிறான் என்று நினைத்திருப்பார், சாமி பேர் சொல்கிறான் என்று நினைத்திருப்பார். இல்லை, அவருக்கா தெரியாது, கண்ணை மூடிக்கொண்டே மூணாவது சாவு நீதான் என்று சொன்ன மனுஷனுக்கு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் தெரியாதா? நர்ஸ்தான் தானாக வந்து பார்த்து, "என்ன சார் மரம் மாதிரி நிக்கிறீங்க, கூப்பிடக் கூடாதா?" என்று திட்டிவிட்டு ஓடினாள். எல்லாம் முடிந்த பிறகு அவளே மனசு கேட்காமல் வந்து, "கூப்பிட்டிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது சார், நுரையீரல் மொத்தமா போயிடுச்சு" என்றாள். அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அது தெரிந்தா அவன் கூப்பிடாமல் நின்றான்? இன்னொரு தடவை கேட்டுக்கொள்ள நின்றான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்களே, அந்த ஜாதி. அப்புறம் அம்மா பிளாஸ்க்கோடு படியேறி வந்தாள், வந்து, விழுந்து, அழுது, அழுது ஓய்ந்து, முதலில் கேட்டது, "கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?" அவன் சொன்னான், "ஒண்ணும் சொல்லலம்மா. தூக்கத்துலயே போயிட்டாரு." ஏன் அப்படிச் சொன்னான்? என்ன சொன்னார் என்று சொன்னால், நீ என்னடா பண்ணிக்கொண்டிருந்தாய் என்று அடுத்த கேள்வி வருமே, அதற்குப் பயந்து சொன்னான். கருமாதி அன்றைக்கும் கேட்டாள், அப்புறம் ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள், "என் பேரக்கூடச் சொல்லலியா?" என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் எத்தனை தடவை மறைக்க வேண்டியிருக்கிறது பாருங்கள். ஒவ்வொரு தடவையும் "தூக்கத்துலம்மா, நிம்மதியா" என்றான், அந்த நிம்மதியாவையும் தானாகச் சேர்த்துக்கொண்டான்.

"இந்தப் பையன் ஊருக்குப் போயிடுவானா?" என்று அம்மா காதோடு கேட்டாள். மாரெக்கைத்தான். படம் பார்க்கும்போது முடிவைச் சொல்லாதே என்பவள் அல்ல, முன்னாடியே தெரிந்தால்தான் அவளுக்கு நிம்மதியாகப் பார்க்க வரும். "பாரும்மா" என்றான். "உன் கொரல் நல்லாருக்குடா. பையனுக்குப் பொருந்தியிருக்கு. அவருக்குத்தான் கொடுத்து வைக்கல" என்று அவன் கைமேல் கை வைத்தாள், எண்ணெயும் உப்பும் பிசுபிசுத்த கை. சுள்ளென்று இழுத்துக்கொள்ளத் தோன்றியதை அடக்கிக்கொண்டு வைத்திருந்தான். திரையில் பதுங்குகுழி சரிந்துகொண்டிருந்தது, மழையில் மண் கரைந்து, முட்டுக்கொடுத்த பலகைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இனி பிடித்துக்கொண்டிருக்க எதுவும் இல்லை. மிஞ்சியவர்கள் பாலத்தை நோக்கி ஓடுகிறார்கள், பாலத்தை இவர்கள் ஆட்களே உடைக்கப்போகிறார்கள், கடைசி லாரி கிளம்பப்போகிறது. மாரெக்குக்குத் தொடையில் அடி. குமரகுருவின் மனசு இன்னொரு கணக்குப் போட்டது. சரியாக அந்த நேரத்துக்கு இருமினால்? பெரிதாக, தியேட்டரே திரும்பிப் பார்க்கிற மாதிரி. இல்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால்? அம்மா பதறுவாள், வெளியே கூட்டிக்கொண்டு போவாள், யாராவது ஒரு பையன் தண்ணீர் கொண்டுவருவான், அதற்குள் இங்கே திரையில் லாரி போய்விடும். தத்ரூபமாகச் செய்வான், அவனுக்கா தெரியாது. அதை எப்படிச் செய்வது என்று நினைத்தபோதே தொண்டை தன்னால் தயாராகி, குரலை உள்ளே இழுத்துப் பார்த்தது, எந்தக் குரலை இழுத்தது என்று புரிந்ததும் கூசிப்போய் வாயை மூடிக்கொண்டான்.

டப்பிங் தியேட்டரிலும் அன்றைக்கு இப்படித்தான் தொண்டை முந்திக்கொண்டது. இந்தப் படம் வந்தபோது அப்பா போய் மூன்று மாசம் ஆகியிருக்கும். ஹீரோவுக்குப் பேச வேண்டியவர் வேறு ஒருத்தர், அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, "பேச்சு கம்மி, மூச்சும் முனகலும்தான் ஜாஸ்தி, நம்ம குரு பண்ணட்டுமே" என்று ஆரோக்கியம் சார் வாங்கிக் கொடுத்தார். லாரி இடம் வந்தது. எழுதிக் கொடுத்திருந்தது, "ஐயோ, என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க." மாரெக்கின் வாயோ மூன்று தடவைதான் திறக்கிறது, அதிலும் மூன்றாவது சும்மா ஒரு துடிப்பு. "இவ்ளோ நீளம் உக்காராது குரு. சின்னதா ஏதாச்சும் போடு" என்றார் சார், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அவனுக்கு உடனே வந்துவிட்டது. உடனே வந்ததைக் காட்டிக்கொள்ளாமல், பேப்பரைப் பார்த்து, தலையைச் சொறிந்து, யோசிக்கிற மாதிரி நடித்தானே, அதை நினைத்தால்தான் இன்னும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அப்புறம், "நிறுத்து, ஆள் இருக்குன்னு வெச்சுக்கலாமா சார்?" என்றான். "பேசு." ஒரே டேக். பேசி முடித்தபோது அந்தப் பக்கம் சவுண்டு என்ஜினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எங்கடா புடிச்ச இத?" என்று ஆரோக்கியம் சார் கேட்டபோது, "சும்மா வந்துச்சு சார்" என்றான். வெளியே போகப் பார்த்தவனை, "டேய், சிரிச்சுட்டுப் போ" என்று நிறுத்தினார். அது அவர் வைத்திருக்கிற வழக்கம், பிணமாக நடித்தவரை எழுப்பிச் சிரிக்கவைத்து ஒரு போட்டோ எடுப்பார்களே, அந்த மாதிரி சாவுக் குரல் கொடுத்தவன் அதே மைக்கில் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்கு ஆகாது. எத்தனையோ தடவை ஒப்புக்கு ஹிஹி என்று சிரித்துவிட்டுப் போயிருக்கிறான். அன்றைக்குச் சிரிப்பு வாய்கொள்ளாமல் வந்தது. சந்தோஷமாக இருந்தது, அதுதான் விஷயம், இத்தனை வருஷத்தில் மைக் முன்னால் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவுக்கு ஜாங்கிரி வாங்கிக்கொண்டு போனான்.

லாரி வந்துவிட்டது. "அம்மா, பாத்ரூம் போயிட்டு வந்துடறியா?" என்று கேட்டான், அவ்வளவுதான் வாயில் வந்தது. "சும்மா இருடா." லாரியின் பின்பலகையில் தொற்றிக்கொண்டு ஆட்கள், ஏறப் பார்க்கிறவர்களின் விரலை மிதிக்கிற ஆட்கள். சமையல்காரன் ஏறிவிட்டான். மாரெக் சேற்றில் முழங்கையை ஊன்றி ஊன்றி வருகிறான். டிரைவருக்கு ஓரக் கண்ணாடியில் அவன் தெரிகிறான், டிரைவர் கையை வெளியே நீட்டிக் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிடுகிறான். குமரகுரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். இரு, சத்தத்தில் அமுங்கிவிடலாம், என்ஜின் சத்தம், மழைச் சத்தம், மிக்ஸிங்கில் கலந்தவர்கள் குரலைக் குறைத்திருக்கலாம், யார் கண்டார்கள், வெட்டியேகூட இருக்கலாம். வெட்டியிருக்கக்கூடாதே என்று ஒரு நினைப்பு சடாரென்று குறுக்கே ஓடியது, ஐயோ, இந்த நேரத்திலும் அந்த டேக் வீணாகிவிடக்கூடாதே என்று தவிக்கிற இந்த மனசை எந்தச் செருப்பால் அடிப்பது? வெட்டவில்லை. என்ஜினை அப்படியே அடக்கி, மழையை அடக்கி, தியேட்டர் மொத்தமும் குரல் மட்டும் வந்தது. "நிறுத்து." பின்பக்கத்து ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் வந்தது. "ஆள்..." முன்வரிசைப் பையன்கள் கொட்டாவியை நிறுத்திவிட்டார்கள். அந்நிய முகம், மஞ்சள் தாடி, அதற்குள்ளிருந்து சபாபதி கண்டக்டர் மூச்சைத் தேடினார். அம்மாவின் கை பொட்டலத்துக்குள் போனது அப்படியே நின்றது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. திரை வெளிச்சத்தில் அவள் வாய் அசைந்தது, வேகமாக ஏதோ முணுமுணுத்தாள், சாமியைக் கூப்பிட்டாளோ, அவனைச் சபித்தாளோ தெரியவில்லை. லாரி பாலத்தைத் தாண்டிப் போய்விட்டது.

அதற்கப்புறம் படத்தில் அதிகம் இல்லை. பாலம் உடைகிறது, பனி பெய்து சேற்றை மூடுகிறது, மறுநாள் சண்டை நின்றுவிட்டது என்று ரேடியோ சொல்கிறது, கேட்க ஆளில்லாத குழிக்குள் அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. விளக்கு போட்டார்கள். பையன்கள் சத்தமில்லாமல் எழுந்து போனார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை. சீட்டுக்கடியில் பெருக்குகிற பெண் துடைப்பத்தோடு வந்து, இவர்களைப் பார்த்துவிட்டு அந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்தாள். "தூக்கத்துல போகல" என்றாள் அம்மா, கேள்வியாக இல்லாமல். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் வெந்நி வாங்கப் போயிருந்தப்பவா?" "ஆமாம்மா." "இதே மாதிரியா?" "இதே மாதிரிதாம்மா." "எத்தன தடவ சொன்னாரு?" "ரெண்டு, மூணு தடவ." அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள், அழவில்லை, அழுதிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அழுகைக்குச் சமாதானம் சொல்லலாம். "நீ என்ன சொன்ன?" என்று கேட்டாள். அவனுக்குப் புரியவில்லை. "என்னம்மா?" "அவரு அப்படிச் சொன்னப்ப நீ என்னடா பதில் சொன்ன? ராத்திரில எந்திரிச்சு உக்காந்து கத்துவாரில்ல, நான் படுத்தபடியே சொல்லுவேன், வண்டி நின்னுடுச்சுங்க, பாத்து எறங்கச் சொல்லுங்கன்னு. அத கேட்டாத்தான் அடங்குவாரு. ஒடனே படுத்துடுவாரு. யாராச்சும் நின்னுடுச்சுன்னு சொல்லணும்டா அவருக்கு. நீ சொன்னியா?"

தொண்டையில் எத்தனையோ இருந்தது. சொன்னேன்மா என்று சொல்லிவிடலாம், ஒரு வார்த்தை, அவள் நம்புகிற மாதிரி, நெஞ்சை அடைத்துக்கொள்கிற மாதிரிச் சொல்ல அவனுக்குத் தெரியும், அதற்குத்தானே கூலி வாங்குகிறான், அவளுக்கும் ஆறுதலாக இருக்கும், கதை முடிந்துவிடும். வாய் அதற்குத் தயாராவதை உணர்ந்தான். இவ்வளவு நடந்த பிறகும் தயாராகிறது பார். "இல்லம்மா" என்றான். "பின்ன என்ன பண்ணிட்டிருந்த?" "கேட்டுட்டிருந்தேன்." "கேட்டுட்டிருந்தியா?" என்றாள் அவள். அப்புறம் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெருக்குகிற பெண் கிட்டே வந்துவிட்டாள், "அம்மா, காலத் தூக்குங்க" என்றாள், அம்மா காலைத் தூக்கிக்கொண்டாள், சிந்தின பொரியெல்லாம் போயிற்று. "வண்டி நின்னுடுச்சுன்னு நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள லாரி போயிடுச்சு" என்றாள் அம்மா திரையைப் பார்த்து. வெள்ளையாக, ஒன்றும் இல்லாமல் இருந்தது திரை. "அடுத்த ஆட்டம் உண்டா?" "உண்டும்மா." "போயி டிக்கெட் எடு." அவன் எழுந்தான், நாலு எட்டு வைப்பதற்குள் பின்னாலிருந்து, "ஒண்ணு போதும். நீ வர வேணாம்" என்று வந்தது, கோபமாக இல்லை, சந்தைக்குப் போகிறவனிடம் இன்னது வாங்காதே என்று சொல்கிற மாதிரி.

கவுன்ட்டர் பெண் கம்ப்யூட்டரில் சீட்டுகளைக் காட்டி, "ஒண்ணுதானா சார்? பக்கத்துல காலியாத்தான் இருக்கு" என்றாள். "ஒண்ணுதாம்மா" என்றான். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு திரும்பியபோது அம்மா ஏற்கெனவே வாசல் பக்கம் வந்து, போஸ்டரில் எரிகிற பீரங்கிக்குக் கீழே, சுருக்குப்பையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். கையை நீட்டினாள், கொடுத்தான். சாப்பிட ஏதாவது வாங்கி வரட்டுமா, தண்ணீர் வேண்டுமா, படம் விடும்போது வந்து நிற்கட்டுமா என்று கேட்க நினைத்தான், எதைக் கேட்டாலும் வசனம் பேசுகிற மாதிரியே இருக்கும் என்று விட்டுவிட்டான். அவள் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு அந்தச் சின்ன எழுத்து தெரியாது, எந்தக் கதவு, எந்த வரிசை என்று எப்போதும் அவனிடம்தான் கேட்பாள். அவன் ஒரு அடி முன்னால் வந்தான். அவள் அவனைத் தாண்டி நடந்து, டிக்கெட் கிழிக்கிற ஆளிடம் நீட்டி, "தம்பி, இது எந்தப் பக்கம்பா?" என்று கேட்டாள்.